சோப்பு நுரையும் தட்டம்மை ஊசியும்

மனித குலத்தின் மகத்தான வெற்றிகள் யாவும் நாவினால் ஈட்டப்பட்டவை என்பது சுகாதாரத் துறைப் பேச்சாளரின் அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த நாவுக்கு மசிந்து இதுவரை தடுப்பூசி போட்டுக்கொண்டது அவர் வீட்டுப் பூனை மட்டுமே. அதையும் இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இன்று குறி, சலூன் வைத்திருக்கும் சொந்த மைத்துனன். அடுத்த தெருவில் பிள்ளைகள் தட்டம்மையில் படுத்துவிட்டார்கள். மைத்துனனோ மகளுக்கு ஊசியே வேண்டாமென்கிறான். தடுப்பூசி முகாம் மதியத்தோடு முடிகிறது. அந்தக் குட்டியின் வாயில் வந்த முதல் சொல்லே 'மாமா'தான். அப்பன்காரன் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

சலூனுக்குள் நுழைந்ததும் தொண்டையைச் செருமினார். "அன்பார்ந்த மாப்ள..."

"உக்காருங்க மாமா. தாடி புதர் மாதிரி கெடக்கு." துணியைப் போர்த்தி, நுரையை அப்பி, கழுத்தில் கத்தியை வைத்தான். "வாயத் தொறக்காதீங்க. அறுத்துரும்."

முன்னுரை, உவமைகள், சொந்தக் கவிதை எல்லாம் தொண்டைக்குள்ளேயே நின்றன.

"அக்கா அனுப்பித்தான் வந்திருக்கீங்கன்னு தெரியும். அம்மை வந்தா உடம்பு கெட்டிப்படும்னு செல்லுல வந்துச்சு. வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் நானும் அதைத்தான் சொல்றேன்."

"ம்ம்ம்!" என்றார் பேச்சாளர். கத்தி தாடைக்கு ஏறியது.

மைத்துனனின் குரல் இறங்கியது. "உண்மையச் சொல்லவா? அத நானே முழுசா நம்பல. போன ஊசிக்கு அவள அழுத்திப் பிடிச்சது நான்தான் மாமா. அப்புறம் காய்ச்சல்ல கொதிச்சா. கண்ணத் தொறந்து என்னையே பாத்தா, ஏதோ துரோகியப் பாக்குற மாதிரி. இன்னொரு தடவ என்னால முடியாது."

இத்தனை வருஷப் பேச்சில் ஒருவரும் பேச்சாளரிடம் இப்படி மனம் திறந்ததில்லை. திறக்க அவர் இடைவெளி விட்டதுமில்லை.

"இந்த ஊசிக்கும் காய்ச்சல் வருமா?" கத்தி மீசையோரத்துக்கு வந்திருந்தது.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "வரலாம் மாப்ள. ஒரு வாரம் கழிச்சுகூட வரும், ரெண்டு மூணு நாள்ல போயிரும். அம்மை அப்படிப் போகாது. நுரையீரல்லயும் மூளையிலயும் போய் உக்காந்துரலாம். குட்டிய இந்தத் தடவ நான் பிடிச்சுக்கறேன். என்மேல கோவிச்சுக்கட்டும்."

மைத்துனன் கத்தியோடு உறைந்து நின்றான். பிறகு துண்டால் மாமாவின் முகத்தை அவசரமாக ஒரு துடை துடைத்தான்.

"என்ன மாமா கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க? முகாமை மூடிருவான், எந்திரிங்க!"

"கடைய யாரு பாக்குறது?"

"கடை கெடக்கு கழுதை!"

ஷட்டர் பாதியில் தொங்க, இருவரும் தெருவில் பறந்தார்கள். குழந்தையை வாரிக்கொண்டு மூச்சிரைக்க முகாமில் நுழைந்தபோது நர்ஸ் பெட்டியை மூடப்போனார். பேச்சாளர் பிடித்துக்கொண்டார். ஊசி ஏறியது. குட்டி ஊரைக் கூட்டி அலறி, மாமாவின் காதைத் திருகிவிட்டு, அப்பாவிடம் தாவிக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மைத்துனன் அழுதுகொண்டே சிரித்தான்.

பேச்சாளருக்குத் தலைகால் புரியவில்லை. பெஞ்சின்மேல் ஏறிவிட்டார். "பெரியோர்களே! பேச்சின் வலிமையால் இன்று ஒரு மனம் மாறியது!"

கூடியிருந்தவர்கள் கண்கொட்டாமல் அவரையே பார்த்தார்கள். அப்படியொரு கூட்டம் அவருக்கு அமைந்ததே இல்லை. மைத்துனன் அவர் சட்டையை இழுத்தான்.

"மாமா, கத்தி வைக்கறப்ப வாயத் தொறந்தீங்கல்ல..."

பேச்சாளர் மீசையைத் தடவிப் பார்த்தார். இடது பாதி இல்லை.