மேடையில் மாட்டிய கடிகாரம்

தேவசகாயம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாத கிறிஸ்தவர். ஆனால் ராகு காலத்தில் மட்டும் கேமராவில் ஃபிலிம் மாட்டமாட்டார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்த நாள் முதல் இந்தப் பழக்கம். பங்குச் சாமியாருக்கு இது தெரியாது. மனைவி ஆரோக்கியம்மாளுக்குத் தெரியும், வேண்டிய மட்டும் கேலி செய்வாள். மஞ்சக்குப்பத்தில் பாதிப் பேர் அந்த ஒன்றரை மணி நேரம் கடைப் பூட்டில் கை வைக்கிறதில்லை, நான் மட்டும் என்ன பெரிய சூரனா என்பார் இவர்.

அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை காலை, சிதம்பரம் ஸ்டேஷனிலிருந்து கீரப்பாளையம் ரோட்டில் குலுங்கிக்கொண்டு போன குதிரை வண்டிக்குள் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, அரக்கப் பரக்க ஃபிலிம் மாட்டினார். ரயிலிலேயே மாட்டியிருக்கலாம், தூங்கித் தொலைத்துவிட்டார். ஏழரைக்கு ராகு காலம் பிறக்கிறது. ஃபிலிமின் நுனியை எதிர்ப்பக்க உருளையில் செருகி, பின்மூடியைச் சாத்திவிட்டு வாட்சைப் பார்த்தார். ஏழு இருபத்தொன்பது. அப்பாடா என்றிருந்தது.

அவர் போன கல்யாணமோ வேண்டுமென்றே ராகு காலத்தில் வைத்த கல்யாணம். மாப்பிள்ளை பொன்னுரங்கம் ஹைஸ்கூல் வாத்தியார், சுயமரியாதைக்காரர். ஐயர் கிடையாது, அக்கினி கிடையாது, தாலியும் கிடையாது. மாலை மாற்றி உறுதிமொழி சொன்னால் கல்யாணம் முடிந்தது. இப்படிப்பட்ட கல்யாணத்தைச் சட்டம் இன்னும் ஏற்றுக்கொள்ளாத காலம் அது. அரிசி மில் களத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மேடைக்கு நடுவே, மணமக்கள் தலைக்கு மேலே, மில் ஆபீசிலிருந்து கழற்றி வந்த பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்று தொங்கியது.

"அண்ணே, எந்தப் படம் எடுத்தாலும் கடியாரம் அதுல விழணும்" என்றார் பொன்னுரங்கம். "ராகு காலத்துலதான் கட்டுனோம்னு நாலு பேர் பாக்கணும்."

தேவசகாயம் தலையாட்டினார். கூச்சமாக இருந்தது. வண்டியில் தான் செய்துவிட்டு வந்த காரியம் இந்த மனுஷருக்குத் தெரிந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார் என்று நினைத்துக்கொண்டார்.

மேடையை விட்டு இறங்கும்போது பெண்ணின் தாயார் இருசம்மாள் வழிமறித்தாள். புருஷனை இழந்து, தனியாக நின்று ஒரே மகளை வளர்த்தவள்.

"தம்பி, ஐயர் வேணாம்னாங்க, சரின்னேன். தாலி வேணாம்னாங்க, அதுக்கும் சரின்னேன். ராவு காலத்துலதான்னு சொன்னப்பதான் மூணு நாளா சோறு எறங்கல. நாளைக்கி யாராச்சும் உம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சான்னு கேட்டா காட்டறதுக்கு எங்கிட்ட என்னா இருக்கு? நீங்க புடிக்கிற போட்டோதான். நல்லா புடிச்சிக் குடுங்க."

"கவலப்படாதீங்கம்மா. அது என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தார்.

எட்டு மணிக்கு மாலை மாற்றினார்கள். தேவசகாயம் சுற்றிச் சுற்றி எடுத்தார். மாப்பிள்ளை மாலை போட்டது, பெண் கொளஞ்சியம்மாள் போட்டது, உறுதிமொழி வாசித்தது, எல்லாவற்றிலும் கடிகாரம். பிறகு பேச்சு ஆரம்பித்தது. பந்தலில் உள்ளவர்கள் இட்லி பொங்கலுக்கு ஒவ்வொருவராக நழுவ, அவர் பேசுகிறவர்களையும் கேட்கிறவர்களையும் எடுத்துக்கொண்டிருந்தார்.

கேமராவின் தலையில் எண் காட்டும் சின்னச் சக்கரம் முப்பத்தாறைத் தொட்டது. அது முப்பத்தாறு படம் விழுகிற ஃபிலிம். ஒன்று கூடுதலாகக் கிடைக்கும் என்று முப்பத்தேழாவதை எடுத்தார். கிடைத்தது. முப்பத்தெட்டும் கிடைத்தது. கம்பெனிக்காரன் தாராளமாகத்தான் சுற்றியிருக்கிறான் என்று மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. நாற்பதாவது படத்துக்கு, ஃபிலிமை நகர்த்தும் பிடியை நெம்பியபோதுதான் இடது பக்கம் பார்த்தார். உள்ளே ஃபிலிம் ஓடினால் கேமராவின் இடது பக்கக் குமிழும் கூடவே சுற்ற வேண்டும். அது அசையவே இல்லை.

மில்லில் தவிடு கொட்டி வைக்கும் அறை இருட்டாக இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, பின்மூடியைத் திறந்து தடவிப் பார்த்தார். நுனி உருளையை விட்டு நழுவிச் சுருண்டு கிடந்தது. வண்டிக் குலுக்கலில் சரியாகச் செருகவில்லை. முப்பத்தொன்பது தடவை 'கிளிக்' என்றது, ஃபிலிம் ஒரு அங்குலம் நகரவில்லை. மாலை மாற்றியதில் ஒரு படம்கூட இல்லை.

கதவைத் திறந்து வைத்து, நுனியை மறுபடி செருகினார். இரண்டு தடவை நெம்பி, உருளை இழுக்கிறதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடியைச் சாத்தினார். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊருக்குப் போய், கழுவும்போது மருந்து கெட்டுப்போய்விட்டது என்று சொல்லலாம். தொழிலில் இருக்கிறவர்கள் சொல்கிற பொய்தான், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அந்த முடிவுக்கு ஏறக்குறைய வந்துவிட்டபோது இருசம்மாள் காபி டம்ளரோடு வந்து நின்றாள்.

"எங்கெங்க தேடறது ஒங்கள? எல்லாம் நல்லா வுழுந்துச்சா தம்பி?"

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஒண்ணும் வுழலம்மா. ஃபிலிம் ஓடவே இல்ல. என் தப்புதான்."

அவள் தவிட்டு மூட்டை மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். காபி பாதி சேலையில் கொட்டியது. இதோ ஒப்பாரி கிளம்பப் போகிறது, களமே கூடப் போகிறது என்று தேவசகாயம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவளோ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்ப மணி என்னா தம்பி?"

"ஒம்போது பத்து."

"ராவு காலம் ஒம்போதோட போயிடிச்சு இல்ல?"

"போயிடிச்சும்மா."

இருசம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். அவள் முகம் தெளிந்துகொண்டு வந்தது.

"போயி மாப்புளகிட்ட உள்ளதச் சொல்லுங்க. இன்னொருக்கா மால மாத்தச் சொல்லுங்க. நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

மேடையில் நாலாவது பேச்சாளர் முழங்கிக்கொண்டிருந்தார். தேவசகாயம் குனிந்தபடி போய் மாப்பிள்ளையின் காதில் விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

பொன்னுரங்கம் வாய்விட்டுச் சிரித்தார். "இதுக்கா இப்படி வேர்த்துக் கொட்டுது? முகூர்த்தம் தப்பிடுச்சேன்னு அழுவறதுக்கு இது என்ன பழைய கல்யாணமா? மாலையக் கழட்டி மறுபடி மாத்திக்கிட்டாப் போச்சு."

தேவசகாயத்துக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. எத்தனையோ கல்யாணம் எடுத்திருக்கிறார். மறுபடி ஒரு தரம் நடத்துங்கள் என்று கேட்கக்கூடிய கல்யாணம் இந்த ஜில்லாவிலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அதற்குள் பொன்னுரங்கத்தின் கண் மேலே போனது. சிரிப்பு நின்றது. "அண்ணே, கடியாரம்! முள்ள எட்டுக்குத் திருப்பி வச்சிடலாமா?"

தலைமை தாங்க வந்த கட்சிக்காரர் பக்கத்து நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன தம்பி நீ! நேரத்துல ஒண்ணும் இல்லேன்னு அரை மணி நேரம் பேசியிருக்கேன். இப்ப நீயே முள்ளத் திருப்பினா நம்மளப் பாத்துச் சிரிக்க மாட்டாங்களா? இருக்கிறது இருக்கட்டும்."

பொன்னுரங்கம் மாலையைக் கழற்றினார். தலைவரே மைக்கைப் பிடித்து, மணமக்கள் இன்னொரு முறை மாலை மாற்றிக்கொள்ளப் போகிறார்கள் என்றார். பந்தல் கொல்லென்று சிரித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை கழுவியும் கழுவாமலும் ஓடி வந்தார்கள். முதல் தடவை வெட்கத்தில் முணுமுணுத்த கொளஞ்சியம்மாள் இப்போது பழகிவிட்டாள். உறுதிமொழி கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

தேவசகாயம் ஒவ்வொரு படத்துக்கும் நெம்பிவிட்டு இடது பக்கக் குமிழைப் பார்த்தார். சுற்றியது. மறுபடி எடுத்தார், மறுபடி பார்த்தார், மறுபடியும் சுற்றியது. மேடையோரத்தில் இருசம்மாள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

அன்று மாலையே கடலூரில் ஃபிலிமைக் கழுவினார். சொட்டச் சொட்ட விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வரிசையாக எல்லாம் விழுந்திருந்தன. இருட்டறையிலிருந்து வெளியே வந்து ஆரோக்கியம்மாளிடம் சோறு போடச் சொல்லி, மூன்று தட்டு சாப்பிட்டார்.

பத்து நாள் கழித்து இருசம்மாளே பஸ் ஏறி மஞ்சக்குப்பம் வந்தாள். பெரிதாகப் போட்டு வைத்திருந்த படத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். மாலையைப் பார்க்கவில்லை, மகளைக்கூட அப்புறம்தான் பார்த்தாள். முதலில் அவள் விரல் போன இடம் கடிகாரம்.

"ஒம்போது இருவத்தஞ்சு. நல்ல நேரம். இனி எவ வந்து கேட்டாலும் இதக் காட்டுவேன்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. தலைப்பால் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஆமா, அன்னிக்கி ஃபிலிம் ஏந் தம்பி ஓடல?"

தேவசகாயம் தலையைச் சொறிந்தார். இவளிடம் ஒரு தடவை உண்மை பேசி நன்றாகத்தான் முடிந்தது.

"ராகு காலம் பொறக்கறதுக்குள்ள மாட்டிடணும்னு வண்டியிலயே அவசரப்பட்டு மாட்டினேம்மா. அதான் நழுவிடிச்சு."

இருசம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சிலுவை தொங்கிய சுவரைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள், படம் கீழே விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"நல்லா இருப்பீங்க தம்பி. நீங்க மட்டும் பயப்படாம இருந்திருந்தா எம் பொண்ணு ராவு காலத்துலதான நின்னிருப்பா" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். "மாப்புள காதுல மட்டும் போட்டுடாதீங்க."

அவர் போடவில்லை. பொன்னுரங்கம் பிற்பாடு கேட்டிருந்தபடி, அவருடைய ஆல்பத்துக்கான படங்களில் மட்டும், ராகு காலம் தாண்டிவிட்ட அந்தக் கடிகாரத்தை வெட்டி எடுத்துவிட்டுத் தபாலில் அனுப்பினார்.