உட்கார்ந்து வெட்டுகிறவன்

ஆண்களில் இரண்டே வகைதான் உண்டு. புல்லை நடந்து வெட்டுகிறவன், உட்கார்ந்து வெட்டுகிறவன். முதல் வகை இந்த நாட்டைக் கட்டியது. இரண்டாம் வகை அதன்மேல் உட்கார்ந்து பீர் குடித்தது.

இது என் அப்பா வெர்னன் ப்ரூக்னர் உலகத்துக்கு அளித்த தத்துவம். ஒஹையோ மாநிலத்தில், டேட்டன் நகரை ஒட்டிய ஃபாக்ஸ் ரன் தெருவில், சனிக்கிழமைதோறும் காலையில் புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டே இதை அவர் பிரசங்கம் செய்வார். நான் கல்லூரியில் தத்துவம்தான் படிக்கிறேன். இத்தனை சுருக்கமாக வேறு யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

எங்கள் தெருவில் இரண்டாம் வகைக்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். பக்கத்து வீட்டு ரூடி ப்ரோகாப். அவர் வீட்டுப் புல்தரையில் இரண்டு படுக்கை விரிப்பை விரித்தால் இடம் தீர்ந்துவிடும். அதற்கு அவர் சிவப்பு நிறத்தில், ஸ்டீயரிங்கும் இருக்கையும் பீர் டப்பா வைக்க ஒரு குழியும் உள்ள, ஏறி ஓட்டுகிற புல்வெட்டி வாங்கினார். அதைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுக்கிற நேரத்தில் அப்பா பாதிப் புல்லை வெட்டி முடித்திருப்பார்.

"ஏம்ப்பா ரூடி, படுக்கையிலேர்ந்து பாத்ரூமுக்கும் இதுலதான் போறியா?"

"போகலாம்னுதான் பாத்தேன் வெர்னன். கதவு இடிக்குது."

ரூடிக்குக் கோபமே வராது. என்ன சொன்னாலும் சிரிப்பார். அப்பாவுக்கு அவரிடம் பிடிக்காத விஷயங்களில் இது முதலாவது.

எங்கள் தெருவில் முன்பக்கம் வேலி கிடையாது. எல்லைக்கோடு ஆண்களின் மனதில் மட்டும் இருக்கிறது. புல் வெட்டும்போது கோட்டைத் தாண்டி ஒரு வரிசை பக்கத்து வீட்டுப் புல்லையும் சேர்த்து வெட்டிக் கொடுப்பது மரியாதை. இரண்டு வரிசை வெட்டினால் அது விமர்சனம். முழுப் புல்லையும் வெட்டினால் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று வீடு தள்ளி இருந்த ஹெண்டர்ஷாட் இறந்தபோது, அடக்கம் முடிந்து அவர் மனைவி வீடு திரும்புவதற்குள் தெரு ஆண்கள் அவர் புல்லை வெட்டி ஓரம் செதுக்கியும் வைத்திருந்தார்கள். அவள் நன்றி சொல்லவில்லை. இவர்களும் சொல்லிக்காட்டவில்லை. அப்படித்தான் செய்ய வேண்டும்.

இந்த வருஷம் மார்ச்சில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது கை மட்டும் அவர் பேச்சைக் கேட்க மறுத்தது. இடது கால் கொஞ்சம் பின்தங்கி வந்தது. மே மாதம் மருத்துவமனையிலிருந்து நான் அவரைக் கூட்டி வந்து காரைவிட்டு இறக்கினேன். அவர் வீட்டைப் பார்க்கவில்லை. புல்லைப் பார்த்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை வழவழவென்று வெட்டியிருந்தது.

"என்னைப் புதைச்சுட்டான்டா," என்றார்.

ரூடி கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். "வாங்க வெர்னன்! நல்லா இருக்கீங்களே பாக்க!"

"செத்தவன் எல்லாருமே பாக்க நல்லாத்தான் இருப்பான். இனிமே என் புல்லைத் தொடாத."

"சரி வெர்னன்," என்றார் ரூடி. அன்றைக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரமே இண்டியானாபொலிஸிலிருந்து என் அக்கா மார்லீன் வந்தாள். அவளுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. எதைப் பார்த்தாலும் அது எப்படி விழும், யார் மேல் விழும் என்றுதான் அவளுக்குத் தோன்றும். அம்மா பல வருஷம் முன்பே விவாகரத்து வாங்கிக்கொண்டு அரிசோனாவுக்குப் போய்விட்டாள். அங்கே பாலைவனம், வீட்டு முன்னால் புல் கிடையாது, வெறும் கூழாங்கல்தான். அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று கேள்வி. ஆக, அப்பாவைப் பற்றி முடிவெடுக்க மார்லீனை விட்டால் ஆளில்லை.

"அப்பா, எங்க வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு அபார்ட்மெண்ட் பாத்திருக்கேன். மாடிப்படி கிடையாது. புல்லைக்கூட அவங்களே ஆள் வச்சு வெட்டிடுவாங்க."

கடைசி வாக்கியத்தை அவள் ஆசை காட்டுவதற்காகச் சொன்னாள். அப்பாவின் முகத்தைப் பார்த்த எனக்கு, சவப்பெட்டிக்கடைக்காரன் உள்ளே பஞ்சு மெத்தை இலவசம் என்று சொன்னது போல இருந்தது.

"இது என் வீடு. நான் பாத்துக்குவேன்."

"எப்படிப் பாத்துப்பீங்க? டெரிக் ஆகஸ்ட்ல காலேஜுக்குப் போயிடுவான்."

"அவன் இருந்து மட்டும் என்ன கிழிக்கிறான்?"

டெரிக் என்பது நான். புல் விஷயத்தில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. வளரட்டும் என்று தண்ணீர் விடுகிறோம், வளர்ந்துவிட்டதே என்று வெட்டுகிறோம்; மாடு இருந்தால் ஒரு நியாயம் இருக்கிறது, எங்கள் தெருவில் மாடு இல்லை. இதை ஒருமுறை சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். "உன் கொள்கைக்கு ஃபீஸ் கட்டறவன் நான்," என்று சொல்லிவிட்டு அப்பா உருளைக்கிழங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அன்று பேசிப் பேசி ஓர் உடன்பாடு வந்தது. ஜூலை கடைசியில் மார்லீன் மறுபடி வருவாள். அப்பா தன் புல்லைத் தானே வெட்டுவதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். வெட்டினால் அவர் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு அபார்ட்மெண்ட். சமைக்க முடியுமா, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா, குளியல் தொட்டியில் வழுக்கி விழாமல் இருப்பாரா என்று அவள் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. ஒருவன் இன்னும் முழு ஆள்தானா என்பதை எங்கள் ஊரில் புல்லைப் பார்த்துத்தான் தீர்மானிப்பது வழக்கம். இதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

பழைய புல்வெட்டி உதவாது என்று மறுநாளே தெரிந்துவிட்டது. தள்ளுகிற புல்வெட்டியில் கைப்பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்க ஒரு கம்பி இருக்கும். பிடித்திருக்கும் வரைதான் எஞ்சின் ஓடும், விட்டால் நின்றுவிடும். யாராவது மயங்கி விழுந்தால் கத்தி அவர் காலை வெட்டாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறு கையால் கயிற்றை இழுத்தால்தான் எஞ்சின் கிளம்பும். அப்பாவிடம் ஒரு கைதான் இருந்தது.

கடைக்குப் போனோம். தேவாலயம் மாதிரி உயரமான கூரை. இரண்டு பக்கமும் புல்வெட்டிகள் வரிசையாக நின்றன. விற்பனைப் பையன் சூயிங்கம் மென்றுகொண்டு வந்தான்.

"இடம் எவ்வளவு பெருசு சார்?"

"போதுமான அளவு."

"சரிவு இருக்கா?"

"இல்ல."

பையன் அப்பாவின் கையைப் பார்த்தான், காலைப் பார்த்தான். "அப்ப உக்காந்து ஓட்டறது எடுத்துக்குங்க சார். ஒரு கையாலயே ஓட்டலாம். சீட்டுல ஆள் இருந்தா போதும், அதுபாட்டுக்குப் போகும்."

"சீட்டுல ஆள் இருந்தா போதும்னா ஒரு மூட்டை உருளைக்கிழங்கை உக்கார வச்சுட்டு நான் வீட்டுக்குள்ளயே இருக்கலாமே?"

பையன் அதற்குள் எங்களுக்குப் பின்னால் நின்ற கர்ப்பிணிக்கும் அதே வண்டியைக் காட்ட ஆரம்பித்திருந்தான். அதனால் அவன் பேச்சை அப்பா பொருட்படுத்தவில்லை. நானும்தான்.

அப்பா ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார். எஞ்சினே இல்லாமல் உருளுகிற பழங்காலத்து வகை: "இது பொம்பளைப் பிள்ளைங்க விளையாடறது." பேட்டரியில் ஓடுவது: "சத்தமே வரல. வெட்டறேன்னு தெருவுக்கு எப்படித் தெரியும்?" ஆளே இல்லாமல் ஆமைபோல ஊர்ந்து வெட்டும் இயந்திரத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். திட்டக்கூடத் தோன்றாத அளவுக்கு அது அவரைப் புண்படுத்திவிட்டது.

கடைசியில், பட்டனை அழுத்தினால் கிளம்புகிற, சக்கரம் தானே உருளுகிற ஒன்றை வாங்கினார். தள்ள வேண்டாம், பின்னால் நடந்தால் போதும். "பாத்தியா? நடக்கறேன்ல?" என்றார். கம்பி அதிலும் இருந்தது. சக்கரத்துக்கென்று தனியாக இன்னொரு கம்பியும் இருந்தது. அவர் அவற்றைப் பார்க்காத மாதிரி இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை தெருவே அதன் சத்தத்தைக் கேட்டது. நேராகப் போகும்போது வலது கை ஒன்றே சமாளித்தது. வரிசை முடிந்து திருப்புகிற இடத்தில் இரண்டு கையும் வேண்டும். இடது கை வராது, வலது கை நழுவும், கம்பி விடுபடும், எஞ்சின் பொட்டென்று நிற்கும். மறுபடி பட்டன். மறுபடி ஒரு வரிசை. மறுபடி பொட்டு. எங்கள் தெருவில் காதால் கேட்டே எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். எதிர்வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தாள்.

அப்போதுதான் ரூடியின் சிவப்பு வண்டி உறுமிக்கொண்டு வெளியே வந்தது. முந்தின நாள்தான் அவர் புல்லை வெட்டியிருந்தார். இருந்தும் சுற்றிச் சுற்றி வந்தார். வெட்ட ஒன்றுமில்லாத தரையில் முழுச் சத்தத்தோடு, அப்பா ஒருவழியாக முடிக்கும் வரை சுற்றிக்கொண்டே இருந்தார். எஞ்சின் எத்தனை தடவை நின்றது என்று அதற்கப்புறம் யாருக்கும் கேட்கவில்லை.

முடிந்ததும் ரூடி எல்லைக்கோட்டருகே வண்டியை நிறுத்தினார். "வெர்னன், தப்பா நினைக்காதீங்க. அடுத்த வாரம் இதை ஓட்டிப் பாருங்களேன். ஒரு கை போதும்."

"இன்னொரு கை பீருக்கா?"

"வேணும்னா டப்பாவை எடுத்துடறேன்."

"ரூடி, உன் புல்லு மொட்டையாயிடுச்சு. போய் அதுக்கு முதல்ல தொப்பி வாங்கு."

ரூடி சிரித்தார். ஜூன் முழுக்க, ஜூலை முழுக்க, சனிக்கிழமைகளில் அவர் மொட்டைத் தரையில் சுற்றினார். அவர் புல் பழுப்பாகிக் கருகியது.

ஜூலை கடைசிச் சனிக்கிழமை வந்தது. காலையில் அப்பா கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது புல்வெட்டியின் இரண்டு கம்பிகளும் சாம்பல்நிற டேப்பால் கைப்பிடியோடு சேர்த்துச் சுற்றப்பட்டிருந்தன. பல்லால் கடித்துக் கிழித்திருக்கிறார். உதட்டோரம் ஒரு துண்டு ஒட்டியிருந்தது.

"அப்பா, அதைக் கட்டக்கூடாதுன்னு நீங்கதானே..."

"இப்ப கை நழுவினாலும் நிக்காது. போடா உள்ள. உன் கொள்கையைக் காப்பாத்து."

நிற்கவில்லைதான். முதல் மூன்று வரிசை அற்புதமாக இருந்தது. நாற்பது வயதில் வெட்டியது மாதிரி வெட்டினார். நாலாவது திருப்பத்தில் கை நழுவியது. புல்வெட்டி அவரை விட்டுவிட்டுப் போனது.

வேகமாக ஒன்றும் போகவில்லை. சாப்பிட்டுவிட்டுக் காலாற நடக்கிற பெரியவரின் நடை. ஆனால் அப்பாவின் நடை அதைவிடக் குறைவு. "நில்லு! நில்லுன்னா!" என்று நாயைக் கூப்பிடுவது போல் கத்திக்கொண்டு காலை இழுத்து இழுத்துப் பின்னால் போனார். அது எல்லையைத் தாண்டியது. ரூடியின் தரையில் கோணாமல் ஒரு கோடு போட்டது. ரூடி மனைவியின் பூச்செடிகளை நறுக்கித் தூவிவிட்டு மறுபக்கம் நடைபாதைக்கு ஏறியது. அங்கேதான் மார்லீன் காரை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து, செருப்புப் போட்ட ஒரு காலைத் தரையில் வைத்திருந்தாள்.

நான் ஓடினேன். எட்டியிருக்க மாட்டேன். வழக்கம்போல் சுற்றிக்கொண்டிருந்த ரூடி வண்டியைத் திருப்பி நேரே கொண்டுபோய் அதன் குறுக்கே விட்டார். இரும்பு இரும்பைத் தின்னுகிற சத்தம் கேட்டது. புல்வெட்டி கவிழ்ந்து இருமி ஓய்ந்தது. சிவப்பு வண்டியின் பக்கத் தகடு உள்ளே போயிருந்தது.

பிறகு ரூடி, மூச்சு வாங்க நின்ற அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "கோடு நல்லா நேரா விழுந்திருக்கு வெர்னன்."

அப்பா திரும்பி அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

மார்லீன் உள்ளே இழுத்துக்கொண்ட காலை மறுபடி வெளியே வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இறங்கி வந்து அப்பாவின் உதட்டோரத்து டேப்பை எடுத்துவிட்டாள். "உள்ள வாங்கப்பா. லெமனேட் குடிக்கலாம்," என்றாள். மார்லீன் மெதுவாகப் பேசினால் முடிவெடுத்துவிட்டாள் என்று பொருள். அப்பாவுக்கும் அது தெரியும். சமர்த்தாக உள்ளே வந்து ஒரு கையால் கிளாஸைப் பிடித்துக் குடித்தார்.

ஆகஸ்டில் வீட்டு முன்னால் 'விற்பனைக்கு' என்று பலகை நட்டார்கள். நட்ட தரகர் அம்மாள் உயரமான செருப்போடு புல்லில் புதைந்து புதைந்து நடந்து வந்தாள். "வீட்டை வாங்க வர்றவங்க முதல்ல பாக்கறது இதைத்தான் சார். முழங்கால் வரைக்கும் வளந்திருக்கே! ஆள் அனுப்பட்டுமா?"

"வேண்டாம்," என்றார் அப்பா.

நான் கல்லூரிக்குக் கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை. தெருவில் பாதிப் பேர் தேவாலயத்துக்குப் போயிருந்தார்கள். சமையலறையில் நின்று காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரூடியின் வண்டிச் சத்தம் கேட்டது. அவர் புல்தான் கருகிப் போயிற்றே, எதை வெட்டுகிறார் என்று ஜன்னலுக்குப் போனேன்.

ரூடி தன் வீட்டு வாசற்படியில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

அப்பா தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு சிவப்பு வண்டியில் உட்கார்ந்திருந்தார். வலது கை ஸ்டீயரிங்கில் இருந்தது. இடது கை மடியில் தூங்கியது. வரிசை முடிகிற இடத்தில் வண்டி தானாக வளைந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எங்கள் புல்தரை முழுவதும் முடிந்துவிட்டது.

பலகைக் கம்பத்தடியில் மட்டும் ஒரு கொத்துப் புல் மிஞ்சியிருந்தது. அப்பா வண்டியைப் பின்னால் எடுத்து, கம்பத்தைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் அடித்து, அதையும் வெட்டினார்.