இரண்டாவது சாட்சி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒரு படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் நிற்பவள் சோடாபுட்டி. மூக்குக்கண்ணாடியின் தடிமனைப் பார்த்து வைத்த பெயர். நீராவி ஏறினால் அந்தக் கண்ணாடியும் மங்கிவிடும். அப்புறம் இரண்டு பேரும் மேகத்துக்குள் நடக்க வேண்டியதுதான்.

அந்த மேகத்துக்குள்தான், இந்தப் பக்கம் முனையைப் பிடித்திருக்கும் இவளுக்கு அடிக்கடி கடவுளின் கோர்ட்டு தெரியும். நீளமான வராந்தா. வெள்ளைத் துணிக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருக்கிறார். ஊர்ப்பட்ட பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள், யாரும் முண்டியடிப்பதில்லை. இவளும் நிற்கிறாள். எவ்வளவு நின்றாலும் கால் வலிப்பதில்லை, முறையும் வருவதில்லை.

"இழுங்க அக்கா. நின்னுக்கிட்டே தூங்கிட்டீங்களா?" என்றாள் சோடாபுட்டி.

தூக்கம் என்ற அந்த வார்த்தை மட்டும் இவளுக்கு ஆகாது. இவள் புருஷன் இதே கூடத்தில் பாய்லர் பார்த்தவர். வால்வு கசிகிறது என்று சூப்பர்வைசரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அந்த ஆள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒருநாள் காலையில் வால்வு பிய்த்துக்கொண்டு போனது. கொதிக்கும் ஆவி முகத்தில் அடித்துப் பார்வை போய்விட்டது. விசாரணையில் சூப்பர்வைசர் கூசாமல் சாட்சி சொன்னார், "ஆள் தூங்கிட்டான்" என்று. பழி முழுக்கப் புருஷன் தலையில் விழுந்தது, வேலையும் போனது. பரிதாபப்பட்டு இவளுக்கு விரிப்பு மடிக்கிற வேலை வாங்கிக் கொடுத்ததும் அதே சூப்பர்வைசர்தான். அதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சூப்பர்வைசர் சபையில், கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல எழுந்து நின்றார். இப்போது மேனேஜர் ஆகியிருந்தார்.

"கர்த்தர் என்னை உயர்த்தினார்," என்றார். குரல் தழுதழுத்தது. விசாரணையில் சொன்னதும் சாட்சி, இதுவும் சாட்சி; தொண்டை மட்டும் ஒன்றே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷனின் ஆமென்தான் எல்லாவற்றிலும் சத்தம். அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

ஆராதனை முடிந்து வெளியே படியில் அவரை உட்கார வைத்ததும் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு ஆமென் போட்டீங்க?"

"உயர்த்துனது கர்த்தர்தானே? இறக்குறதும் அவரு வேலை. நீ பொறுத்துக்கோ."

"பொறுத்துக்கோன்னா? காத்துட்டு இருங்கிறீங்களா, மன்னிச்சு விட்டுடுங்கிறீங்களா?"

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தையாப் போச்சே. எது முதல்ல வருதோ வரட்டும்."

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

அப்போதுதான் மேனேஜர் வந்து அவர் தோளில் கை வைத்தார். "எப்படிப்பா இருக்க? பழசை எல்லாம் மனசுல வெச்சுக்காத. கடவுள்கிட்ட விட்டுடு."

குரலை வைத்து ஆளைப் புரிந்துகொண்டு அவர் எழுந்து நின்றார். "விட்டுட்டேன் சார். அதான் உங்கள நினைச்சா பயமா இருக்கு. அவரு கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க சார்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே பயந்தார். மேனேஜர் கையை எடுத்து, கழுத்தைத் துடைத்துக்கொண்டு, போதகர் கூப்பிட்டதுபோல உள்ளே போனார். யாரும் கூப்பிடவில்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் அவர் கட்டிலில் சாய்ந்தார். ஜன்னல் திரை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. அறை மிதப்பது போலிருந்தது. அவள் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து எடுத்து வந்தாள். வெந்து சுருங்கிப்போன இமைகள் மூடுவதே இல்லை. ஈரத்துணி போடாவிட்டால் கண் காய்ந்துவிடும். மூச்சு சீராக வந்தது, லேசான குறட்டைகூட. கண்கள் இரண்டும் கூரையைப் பார்த்துத் திறந்து கிடந்தன.

"தூங்குறீங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

உதடு மட்டும் அசைந்தது. "இல்லீங்க சார்," என்றார் தூக்கத்திலேயே. "தூங்கலீங்க."