பாராட்டுப் பத்திரம்

சுவரில் மாட்டியிருந்த பத்திரத்தின் கம்பி ஆணியோடு துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது. கரோலின் நாற்காலி மேல் ஏறி நின்று, சமையலறைக் கத்தியால் அதை நெம்பிக்கொண்டிருந்தாள். கீழே ஃப்ரீசர் பெட்டிக்குள் அவள் அப்பா ஆர்தர் கறுப்பு டை கட்டிக்கொண்டு படுத்திருந்தார். எண்பத்தைந்து வயது. நேற்று காலை காப்பி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர்தான்.

"இன்னா பண்றே கரோல்?"

அண்ணன் வால்டர் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து அச்சடித்த தாள்களோடு வந்து நின்றான்.

"கழட்றேன்ணா."

"நல்லதாப் போச்சு. தொடச்சிக் குடு. சர்ச்சுல பொட்டி தலமாட்டுல வெக்கலாம்னு நானே நெனச்சினு வந்தேன்."

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். அடக்க ஆராதனையில் வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்பு. பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் தடித்த எழுத்தில்: 'ஆப்பிரிக்கக் குடியரசு ஒன்றின் தலைவரால் தம் கைப்படக் கையெழுத்திட்ட பாராட்டுப் பத்திரம் அளித்துக் கௌரவிக்கப்பட்டவர்.' நூறு பிரதி.

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஆணியை நெம்பினாள்.

வால்டர் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். ஊரில் தங்கம் எடுத்த மைன் மூடியபோது அவனுக்கு முப்பத்தொன்று. அதற்கப்புறம் பெங்களூரில் அடுக்குமாடி வாசல்களில் செக்யூரிட்டியாக நின்றே காலத்தை ஓட்டிவிட்டான். யாராவது ஏளனமாகப் பேசிவிட்டால் உடனே, "எங்கப்பாவுக்கு ஒரு நாட்டோட பிரசிடெண்டே கையெழுத்துப் போட்டுக் குடுத்துகீறாரு, தெரியுமா" என்பான். அவன் வாழ்க்கையில் நிமிர்ந்து நின்று சொல்ல இருந்தது அந்த ஒன்றுதான். தங்கைக்கு அது நன்றாகவே தெரியும். அதனால்தான் அவன் வருவதற்குள் கழற்றி ஒளித்துவிடப் பார்த்தாள். ஆணி விட்டுக்கொடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "நான் போனா அத்தப் படிக்காதீங்கம்மா" என்றார்.

"எத்தப்பா?"

"அதான். பிரசிடெண்ட் காயிதம்."

அப்புறம் மெல்ல மெல்ல, தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடித்துக்கொண்டு சொன்னார். அவர் இருபத்தேழு வயதில் ஆப்பிரிக்காவில் ஒரு செம்புச் சுரங்கத்துக்கு வைண்டிங் டிரைவராகப் போனவர். ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழிக்குள் ஆட்கள் ஏறும் கேஜை ஏற்றி இறக்கும் எஞ்சின் அவர் கையில். வெள்ளைக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போய் மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் நாட்டுக்கு இரண்டு பிரசிடெண்ட்.

"ரெண்டு பேரும் பட்டாளத்தான் இல்லம்மா. கோட்டுப் போட்ட வாத்தியாருங்க. நான்தான் பிரசிடெண்டுன்னு இவரும் ரேடியோல பேசுவாரு, அவரும் பேசுவாரு. மைன் யூனியன் பழையவர் பக்கம். வேல செய்ய மாட்டோம்னு பதினோரு பேரு கீழ எறங்கி, பூமிக்கடியில லெவல்லயே குந்திக்கினாங்க. புதுசா வந்தவரு பட்டாளத்த அனுப்பினாரு."

மூன்று நாளில் கீழே தண்ணீர் தீர்ந்துவிட்டது. மேலே சிப்பாய்கள் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. ஆர்தருக்குத் தெரியும். எஞ்சின் ரூம் ஜன்னலில் இருந்து பார்த்தாலே தெரிந்தது.

"கீழ இருந்து மூணு பெல் வந்திச்சி. ஆளுங்க ஏறிட்டாங்கன்னு அர்த்தம். அப்பறம் ஒண்ணு. தூக்குன்னு. பெல் வந்தா தூக்கணும், வராட்டி தொடக்கூடாது. நம்ம சாம்பியன் ரீப்ஸ் மைன்ல எனக்குச் சொல்லிக் குடுத்தது அதான். கை தானாப் போச்சும்மா."

"துப்பாக்கிய வெச்சி மிரட்னாங்களாப்பா?"

"எவனும் என் கிட்டயே வரல. பாதில நிறுத்தி இருக்கலாம். எஞ்சின் கெட்டுப்போச்சின்னு சொல்லி இருக்கலாம். எல்லாம் அப்பறம்தானே தோணுது." இன்னொரு வாய் தண்ணீர் குடித்தார். "சுட்ற சத்தம் கேட்டிச்சி. நான் லீவர புடிச்சினு அடுத்த பெல்லுக்குக் காத்துனிருந்தேன்."

ஆறு மாதம் கழித்து அந்தப் புதுப் பிரசிடெண்டிடமிருந்து பத்திரம் வந்தது. கலகக் காலத்தில் கடமை தவறாத தொழிலாளி என்று போட்டிருந்தது. ஊர் திரும்பியதும் கல்யாணமாகி வந்த அம்மா, பெட்டியில் அதைப் பார்த்துப் பூரித்துப்போய்ச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். கழற்றச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அவள் போய்ப் பத்து வருஷமான பிறகும் வரவில்லை.

இப்போது கரோலின் நாற்காலியிலிருந்து இறங்கி, அண்ணனைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். கதவைச் சாத்தினாள்.

"அந்த வரியப் படிக்காதண்ணா. அப்பா வேணாம்னாரு."

"உன்கிட்ட மட்டும் சொன்னாரா? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

"படிக்காதன்றேன்."

"ஊரே அத்தக் கேக்கத்தான் வரும். காரணம் சொல்லு, உட்டுடறேன்."

சொன்னாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அப்பா சொன்னபடியே சொன்னாள். வால்டர் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். ஐம்பத்தைந்து வயது ஆளின் முகம் அடி வாங்கிய பிள்ளை முகமாகிவிட்டது. அவளுக்குப் பாவமாக இருந்தது. அப்பா மேல் கோபமும் வந்தது, இந்த வேலையைத் தன் தலையில் கட்டிவிட்டுப் போனதற்கு.

"பதினோரு பேரா?"

"ஆமா."

"பேரு சொன்னாரா?"

"அவருக்கே தெரியாதாம்."

வாசலில் வண்டி வந்துவிட்டதென்று குரல் கேட்டது. வால்டர் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு போனான். பத்திரம் சுவரிலேயே இருந்தது. தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டான். அவன் என்ன செய்யப்போகிறான் என்று கரோலினுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

சர்ச் நிறைந்திருந்தது. ஆளுக்கொரு தாள். பாஸ்டர் இன்பராஜ் கூப்பிட்டதும் வால்டர் மைக் முன்னால் போய் நின்று வாசித்தான். எல்லோரும் தாளில் விரலை வைத்துக்கொண்டு கூடவே வந்தார்கள். தடித்த எழுத்து வந்தது. நிறுத்தினான். அதை விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போனான்.

மூன்றாவது வரிசையில் முனியப்பன் எழுந்தார். ஆர்தரோடு இருபது வருஷம் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவர், காது கொஞ்சம் மந்தம். "தம்பி, பிரசிடெண்ட் சங்கதிய உட்டுட்டியேப்பா!"

சர்ச் முழுக்க வால்டரைப் பார்த்தது. கரோலின் மடியிலிருந்த பாட்டுப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா அத்தப் படிக்க வேணாம்னு சொல்லிட்டுப் போய்கீறாருங்க."

முனியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா? அதாங்க ஆர்தரு. பெருமன்றதே புடிக்காத மனுசன்" என்றார். "ஆமாமா, எப்பேர்ப்பட்ட தன்னடக்கம்" என்று வரிசை வரிசையாகப் பின்னால் வரைக்கும் போயிற்று. அப்பா ஒரே நிமிஷத்தில் இன்னும் ஒரு பிடி உயர்ந்துவிட்டார். கரோலினுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

வால்டர் மீதியை வாசித்து முடித்தான். பாஸ்டர் ஜெபத்துக்குக் கையை உயர்த்தினார். அவன் மைக்கை விட்டு நகரவில்லை.

"பாஸ்டர், எங்க குடும்பத்துக்குப் பண்றப்போ இன்னும் பதினோரு குடும்பத்துக்கும் சேத்துப் பண்ணுங்க."

"யாருப்பா அவங்க?"

"பேரு தெரியாதுங்க. அப்பாவோட மைன்ல இருந்தவங்க வீடு."

"எந்த ஊரு?"

"தூரம்."

பாஸ்டர் அவனைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடி, பேர் அறியாத அந்தப் பதினோரு குடும்பங்களையும் நினைத்தருளும் என்று ஆரம்பித்தார். ஆமென் சொல்லும் குரல்களில் முனியப்பனுடையதுதான் பெரியதாக இருந்தது. வால்டர் வந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.