எட்டு லிங்கமும் ஐந்து நாடும்

பத்து நாள்ல அஞ்சு நாடு. என் வீட்டுக்காரரோட அண்ணன் பிரசாத் மாமா போட்ட திட்டம் அது. ஐரோப்பா போறது மூணு குடும்பம்: அவங்க, நாங்க, அவர் ஃபிரண்டு பாலாஜி வீடு. பசங்க மட்டும் நாலு. அதுல சின்னது என் பொண்ணு கவிநிலா, அஞ்சு வயசு. வம்பே அவளாலதான்.

"அது நடக்கற நடைக்கு ஒரு தெருவைத் தாண்ட முடியாது ஆர்த்தி. கீழ்பென்னாத்தூர்ல தாத்தாகிட்ட விட்டுட்டு வாங்க"ன்னுட்டார் மாமா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! என் பொண்ணு இல்லாம எனக்கு எதுக்குங்க ஐரோப்பா? அவ ஒண்ணும் மெதுவா நடக்கறவ இல்ல, நின்னு பாக்கறவ. எறும்பு போனாக்கூட எங்க போவுதுன்னு அவளுக்குத் தெரிஞ்சாவணும்.

"அவ நடப்பா மாமா"ன்னேன்.

"அப்போ ஞாயித்துக்கிழமை கிரிவலப் பாதையில ஒத்திகை பாத்துடலாம். பதினாலு கிலோமீட்டர். யாரு தூக்குன்னு கேக்கறாங்களோ, அவங்க தாத்தா வீட்ல. அதுல மாத்தமே கிடையாது."

வீம்புக்குச் சரின்னுட்டேன்.

அடுத்து ஷூ. ஐரோப்பாவுல ஷூ போட்டுத்தான் நடக்கணுமாம், எல்லாரும் புது ஷூவுல வரணுமாம். கிரிவலம்னா வெறுங்கால்ல இல்ல போவாங்க? "இது கிரிவலம் இல்ல, பிராக்டிஸ்"னு அவரே தீர்ப்பும் சொல்லிட்டார். விடியக்காலையில கிளம்பினோம்.

இந்திர லிங்கம் வந்ததும் மாமா கால் தானா நின்னுடுச்சு. பொறந்து வளந்த ஊராச்சே, ஷூவோட சாமியைத் தாண்டிப் போக மனசு வருமா? கழட்டினோம், கும்பிட்டோம், மாட்டினோம். நாலு பசங்க, எட்டு ஷூ, அத்தனைக்கும் லேஸு. அக்னி லிங்கத்துலயும் அதே கதை. யம லிங்கத்துல பாலாஜி பொண்ணோட ஒரு சாக்ஸைக் காணோம்.

"பெரிப்பா, ஐரோப்பா சாமிக்கும் ஷூ கழட்டணுமா?"ன்னா கவிநிலா.

"தேவையில்லம்மா."

"அந்தச் சாமி கோச்சுக்காதா?"

"கோச்சுக்காது."

"அப்போ இந்தச் சாமி மட்டும் ஏன் கோச்சுக்குது?"

மாமா வாட்சைப் பாத்துக்கிட்டு வேகமா நடந்தார்.

அவ மயிலுக்கு நின்னா. அடுப்பு மூட்டுற சாமியாருக்கு நின்னா. "மலை வேற மாதிரி ஆயிடுச்சும்மா, நம்மகூடவே அதுவும் திரும்புதா?"ன்னு அண்ணாந்து நின்னா. ஒவ்வொரு தடவையும் மாமா உச்சுக் கொட்டினார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

வருண லிங்கத்துக்கிட்ட மெதுவா கேட்டேன், "கால் வலிக்குதாடி?"

"ரொம்ப வலிக்குது."

தூக்கட்டான்னு நுனி நாக்கு வரைக்கும் வந்துடுச்சு. கடிச்சுக்கிட்டேன்.

"ஆனா அடுத்த லிங்கம் எப்படி இருக்கும்னு பாக்கணுமே"ன்னு ஓடிட்டா.

அடுத்தது வாயு லிங்கம். அங்க ஷூவைக் கழட்டின மாமாவால திரும்ப மாட்ட முடியல. ரெண்டு குதிகாலும் கொப்புளம் உடைஞ்சு ரத்தம்.

"டேய் பாலாஜி, ஒரு ஆட்டோ கூப்பிடுடா"ன்னார், யாருக்கும் கேக்காத மாதிரி.

மாமா சம்சாரம் அபிநயா அக்கா முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, தோள் மட்டும் குலுங்குச்சு. எனக்கும் உள்ளுக்குள்ள குஷிதான், பொய் சொல்ல மாட்டேன்.

ஆட்டோ வந்து நின்னுச்சு. கவிநிலா அதையும் அவர் காலையும் மாத்தி மாத்திப் பாத்தா.

"பெரிப்பா, நீங்க தூக்குன்னு கேட்டுட்டீங்களா? அப்போ நீங்கதான் தாத்தா வீட்லயா?"

அவர் முகத்துல ஈயாடல. இவ கிண்டல் பண்ணல, கண்ணு கலங்கி நின்னுது. என் கையைப் புடிச்சு இழுத்தா.

"வேணாம்மா, பாவம்மா. பெரிப்பாவையும் கூட்டிட்டுப் போலாம். நான் நின்னு நின்னுதானே வருவேன், அவர் என்கூடவே வரட்டும்."

எனக்கிருந்த குஷியெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. மாமா ஆட்டோக்காரர்கிட்ட மன்னிப்பு கேட்டு அனுப்பிட்டு, ஷூ ரெண்டையும் கையில எடுத்துக்கிட்டார். வெறுங்கால்ல, அவ விரலைப் புடிச்சுக்கிட்டு, மீதி தூரத்தையும் நடந்தார். குபேர லிங்கத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் குனிஞ்சு எறும்பு பாத்துட்டிருந்தாங்க.

மறுநாள் வாட்ஸ்அப் குரூப்புல புதுத் திட்டம் வந்துச்சு. பத்து நாள், ரெண்டே நாடு. கீழ வர்றவங்க பேர் வரிசையா இருந்துச்சு. முதல் பேரு கவிநிலா, அதுக்கு அடுத்து பிரசாத். ஆபீஸ்னும் பாக்காம அழுதுட்டேங்க.