நடுவில் நிற்க ஆளில்லை

தம்பி செத்ததிலிருந்து ஈரஜுக்கு நெஞ்சில் கல்லை ஏற்றி வைத்ததுபோல் இருந்தது. கர்லாக்கட்டை சுழற்றும்போது மட்டும் அது கொஞ்சம் இறங்கும். அதற்காகவே ஈரானின் யஸ்த் நகரத்தில், ஆண்கள் கூடிக் கர்லாக்கட்டை சுழற்றும் பயிற்சிக் குழிக்கு ஓடிவருவான். இங்கேயோ, ஒருவர் நடுவில் நின்று நடத்தினால்தான் பயிற்சி தொடங்கும்; அதற்கு யாரும் லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

"காசெம் அண்ணே, நீங்க இருக்கறப்போ நானா?" என்றார் ஒருவர்.

"சேச்சே, உங்க கால் தூசிக்கு ஆவேனா நான்?" என்றார் காசெம்.

மரியாதை முடிவதாயில்லை. ஈரஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க கொஞ்சி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்யா."

நடுவில் போய் நின்று கட்டைகளைத் தூக்கினான். குழியோரத்து மேடையில் தாளம் போட உட்கார்ந்திருந்தவர் மறுபேச்சில்லாமல் முரசைத் தட்டினார். மற்றவர்களும் சேர்ந்து சுழற்றினார்கள்.

ஓய்ந்ததும் காசெம் கேட்டார். "இந்தப் போடு போட்டா வலிக்காதா? எங்க வலிக்குது?"

"தோள்லதான், வேற எங்க?" என்று எரிந்து விழுந்தான் ஈரஜ்.

சொன்ன பிறகுதான் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான்.