கொக்கின் சப்பாத்து

நான் கேட்டுவைத்திருந்த டிவிடி வந்துவிட்டதாக நூலகத்திலிருந்து செய்தி வந்தபோது அப்பா இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் எடுத்துக்கொண்டேன். உறையில் ஒரு வீடு, அதன் புகைபோக்கியில் குடை பிடித்தபடி ஒரு மீன். எண்பதுகளின் இறுதியில் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவைத் தொடர். இரண்டாவது சீரிஸ், ஆறு பாகங்கள்.

"முதலாவதில்லை, ரெண்டாவது" என்று அப்பா எப்போதும் திருத்துவார். கனடாவுக்கு வருமுன் லண்டனில் இருந்த காலத்தில், ஒரேயொரு நாள், அந்தத் தொடரில் கொக்கு வேடம் போட்டாராம். எங்கள் சொந்தக்காரருக்கு அது ஒரு பகிடி. "பஸ்ரியன், படத்தில உன்ர முகம் எங்கையப்பா?" என்று வின்சன்ற் மாமா கேட்பார். "கொக்கின்ர தொண்டைக்குள்ள" என்பார் அப்பா. எல்லோரோடும் சேர்ந்து தானும் சிரிப்பார். அஜின்கோர்ட்டில், சொந்தக்காரப் பிள்ளையொன்று பூசையில் முதல்நன்மை வாங்கிய நாள் விருந்தில், என் பல்கலைக்கழகத் தோழிகளிடம் அவர் அதைத் தொடங்கியபோது எனக்குக் கூசியது. "அப்பா, ப்ளீஸ். பொய் சொல்லாதைங்கோ" என்றேன். கையில் றோல்ஸ் தட்டோடு நின்றவர், "சரி பிள்ளை" என்றார். அதன் பிறகு சாகும்வரை அந்தக் கதையை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

டோர்செட் பார்க்கில், எங்கள் பதினான்காவது மாடி வீட்டில், அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். "உதில அவர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்றார். ஆனால் வெட்டும் பலகையை எடுத்துக்கொண்டு வந்து சோபாவில் அமர்ந்தார்.

ஒரு விதவை மாடி அறையை வாடகைக்கு விடுகிறாள். பாகத்துக்கு ஒருவராகக் குடிவருகிறார்கள். முதலில் வந்தது மூடுபனி. அதற்கு அவள் ஈரம் துடைக்கத் துவாய் கொடுத்தாள். அடுத்துக் குடிவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அது மூன்று வேளையும் சாப்பிட்டது. பிறகு தன் மகனென்று ஒரு மாடிப்படியைக் கைபிடித்துக் கூட்டிவந்த மனிதர். அந்த வீட்டில் யாரும் எதற்கும் ஆச்சரியப்படவில்லை. நான் வாசிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் வரும் ஊர்களைப் போலத்தான் இருந்தது. இப்படியொரு உலகத்துக்குள் என் அப்பா போய் வந்தாரா? மூன்று பாகம் முடிந்தும் கொக்கு வரவில்லை. அம்மா வெங்காயத்தை வெட்டி முடித்துவிட்டார். ஆனால் எழும்பவில்லை.

நான்காவது பாகத்தில் கதவு திறந்தது. ஆளுயரக் கொக்கு ஒன்று, மஞ்சள் றப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றது.

"உதுக்குள்ள ஆரும் இருக்கலாம்" என்றார் அம்மா மெதுவாக. அது உண்மைதான்.

கொக்கு உள்ளே வரவில்லை. வாசலில் நின்று குனிந்தது. அலகு நிலத்தில் முட்டியது. ஒரு சிறகால் சுவரைப் பிடித்துக்கொண்டு இடது சப்பாத்தைக் கழற்றியது, பிறகு வலதை. இரண்டையும் சேர்த்து, நுனி வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்தது. அதன் பிறகுதான் காலை எடுத்து உள்ளே வைத்தது.

முப்பது வருடம் எங்கள் வாசலில் அப்பாவின் சப்பாத்துகள் அப்படித்தான் இருந்தன. "அவசரத்துக்கு எழும்பி ஓடுறதெண்டா லேசு" என்பார்.

யாரும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். விதவையாக நடித்தவளின் முகத்திலேயே அது தெரிந்தது. வசனத்தை மறந்து சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். படப்பிடிப்பைப் பார்க்க வந்திருந்தவர்களில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு அரங்கமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மெல்லக் குனிந்து தன் சப்பாத்துகளையும் கழற்றி, கொக்கினுடையவற்றுக்குப் பக்கத்தில், அதேபோலத் திருப்பி வைத்தாள்.

இதை அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. "உள்ள போய்க் கதிரையில இருந்தன், அவ்வளவுதான்" என்றுதான் சொல்வார். தான் செய்தது அவருக்கே தெரிந்திருக்காது.

"நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றார் அம்மா. ரீவிக்குக் கிட்டப் போய்க் கொக்கின் காலைத் தொட்டார். சாம்பல் நிறக் காலுறை. "வலது பெருவிரலைப் பார். ஓட்டை. அவருக்கு எப்பவும் அதிலதான் கிழியும். எத்தினை தரம் தைச்சுக் குடுத்திருப்பன்." பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "அப்ப எனக்கு அவரைத் தெரியாது பிள்ளை."

"பொய் இல்லையம்மா" என்றேன். யாரிடம் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"போடு. மற்றதையும் போடு."

அப்பா அந்த ஒருநாளுக்குப் பிறகு அங்கே போகவேயில்லை. ஆனால் ஐந்தாவது பாகத்தில் தபால்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஒரு பிஷப் கழற்றினார். ஓர் அலுமாரி, நான்கு காலிலும் போட்டிருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றியது. யாரும் காரணம் சொல்லவில்லை. அந்த உலகத்தில் இனி அப்படித்தான் என்பதுபோல வாசலில் வரிசை நீண்டுகொண்டே போனது. எல்லா நுனிகளும் வெளியே பார்த்தன.

கடைசிப் பாகத்தில் அறை கேட்டுக் கடல் வந்தது. தெரு முழுவதும் நீலத் துணியாக அசைந்து, படியேறி, கதவைத் தட்டியது. விதவை திறந்தாள். அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பற்றியது. கடல் வாசலில் நின்றது, கீழே பார்த்தது. பிறகு தன் முன்னிரண்டு அலைகளையும் கழற்றி, நுரை வெளியே பார்க்கும்படி திருப்பி, வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்தது.